சேர் ஹென்றி வோட்: குளமும் வழமையும் பாதையும்



பிரித்தானியத் தேசாதிபதிகளைப் படிக்கும்போது நீங்கள் பெரும்பாலும் ஒவ்வொருவரையும் ஒரு சொல்லோடு இணைத்து நினைவில் வைத்திருப்பீர்கள். சேர் எட்வேட் பான்ஸ் என்றால் பெருந்தெருக்கள். சேர் வில்லியம் கிரகரி என்றால் நூதனசாலை. சேர் ஹென்றி வோட் என்றால் நீர்ப்பாசனம். இப்படி நினைவில் வைப்பது ஒரு சொல்லில் விடை எழுதுவதற்குப் போதும். ஆனால் “வோட் தேசாதிபதியின் விவசாயப் பணிகளை மதிப்பிடுக” என்று வினவப்பட்டால் அது போதாது. அவர் என்ன செய்தார், ஏன் செய்தார், அதனால் யார் பயன் பெற்றார், யார் பெறவில்லை என்பவற்றை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். அவரது பணியின் முக்கியமான ஒரு பகுதி நடந்த இடம் மட்டக்களப்பு வாவிக்குத் தெற்கேயுள்ள வயல்வெளிகள். எனவே இந்தப் பாடத்தை அந்த நிலத்தை வைத்தே விளங்கிக்கொள்வோம்.

1. இளமையும் முதற் பதவிகளும்

ஹென்றி ஜோர்ஜ் வோட் 1797 பெப்ரவரி 27 இல் இலண்டனில் பிறந்தார். தந்தை றொபேட் பிளமர் வோட் ஓர் அரசியல்வாதியும் நாவலாசிரியருமாவார். ஹரோ பாடசாலையில் கல்வி கற்ற ஹென்றி, பின்னர் பிறமொழிகளைக் கற்பதற்காக வெளிநாடு அனுப்பப்பட்டார். 1816 இல் சுவீடனிலும், அடுத்து ஒல்லாந்திலும் ஸ்பெயினிலும் தூதரகங்களில் பணியாற்றினார். 1825 முதல் 1827 வரை மெக்சிக்கோவில் பிரித்தானியப் பிரதிநிதியாக இருந்தார். அந்நாட்டைப் பல மாதங்கள் சுற்றிப் பார்த்து, அதன் சுரங்கங்கள், விவசாயம், வணிகம் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். ஒரு நாட்டை அலுவலகத்தில் இருந்தபடி அறிய முயலாமல், நேரில் சென்று பார்த்து எழுதும் பழக்கம் அவருக்கு அப்போதே இருந்தது என்பதைக் கவனியுங்கள். இலங்கையிலும் அப்பழக்கம் தொடர்ந்தது.

1832 முதல் 1849 வரை அவர் பிரித்தானியப் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தார். அங்கே சீர்திருத்தக் கருத்துடையவராக அறியப்பட்டார். 1849 இல் மத்தியதரைக் கடற் பகுதியிலுள்ள அயோனியன் தீவுகளின் பிரதான ஆணையாளரானார். அதே ஆண்டில் செபலோனியா என்னும் தீவில் கிளர்ச்சி எழுந்தது. வோட் இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்து, மரணதண்டனைகளாலும் கசையடிகளாலும் அதனை மிகக் கடுமையாக அடக்கினார். பாராளுமன்றத்தில் சீர்திருத்தவாதியாக இருந்தவர் ஆட்சியாளரானதும் இவ்வாறு நடந்துகொண்டமை அக்காலத்திலேயே கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அவரை மதிப்பிடும்போது இதனையும் மறக்கக் கூடாது.

2. 1855 இல் இலங்கையின் நிலை

1855 மே மாதத்தில் வோட் இலங்கையின் தேசாதிபதியாகப் பதவியேற்றார். அவருக்கு முன்பிருந்த சேர் ஜோர்ஜ் அன்டர்சன் செலவுகளைக் குறைப்பதிலேயே கவனஞ் செலுத்தியிருந்தார். 1847 அளவில் வீழ்ச்சியடைந்த கோப்பிப் பயிர்ச்செய்கை மீண்டும் செழித்து வந்ததால், வோட்டின் காலத்தில் அரசாங்கத்தின் கையில் பணம் சேர்ந்தது. அப்பணத்தை எதற்குச் செலவிடுவது என்பதே அவர் முன்னிருந்த வினா.

கோப்பித் தோட்டக்காரர் தெருக்களும் பாலங்களும் புகையிரதப் பாதையும் வேண்டினர். மறுபுறத்தில் நெற்செய்கை நலிந்திருந்தது. தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் வந்தனர். அவர்களுக்கான அரிசியும் இந்தியாவிலிருந்தே இறக்குமதியானது. பழைய காலத்தில் நெல் விளைந்த நிலங்கள் காடாகிக் கிடக்க, அரிசிக்காகப் பணம் வெளியே சென்றது. தோட்டக்காரரின் தேவைகளைக் கவனித்த வோட், அதே வேளையில் நெற்செய்கையாளர் பக்கமும் பார்வையைத் திருப்பினார். பிரித்தானியத் தேசாதிபதிகளுள் நீர்ப்பாசனத்தை அரசாங்கத்தின் தொடர்ச்சியான பொறுப்பாக முதலில் எடுத்துக்கொண்டவர் அவரே எனக் கருதப்படுவதற்குக் காரணம் இதுதான்.

3. வாவியும் வயலும்

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. வாவிக்கும் கடலுக்கும் இடையில் ஒடுங்கிய மணற்பாங்கான நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கேயுள்ளது படுவான்கரை. எழுவான்கரையில் மக்கள் நெருங்கி வாழ்ந்தனர். தென்னையும் மீன்பிடியும் நெசவும் அங்கிருந்தன. வயல்கள் பெரும்பாலும் மேற்கே இருந்தன. தெற்கே சம்மாந்துறை, அக்கரைப்பற்று, இறக்காமம் வரை அவ்வயல்வெளி விரிந்தது. இன்று அம்பாறை மாவட்டமாக உள்ள இப்பகுதி 1961 வரை மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது.

இங்கு மழை வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில், ஒக்டோபர் முதல் ஜனவரி வரையில், மிகுதியாகப் பெய்யும். அந்த மழையை நம்பிச் செய்வது பெரும்போகம். மழை முடிந்ததும் ஆறுகள் வற்றத் தொடங்கும். குளத்தில் நீர் தேக்கியிருந்தால் மட்டுமே சிறுபோகம் செய்யலாம். மழை முன்பின்னாகினால் பெரும்போகத்தையும் குளமே காக்கும். ஆகவே குளக்கட்டு உடைந்துபோன ஓர் ஊரில் விவசாயி ஆண்டில் ஒரு போகத்தை, அதுவும் மழையின் தயவில் செய்தான். மழை தவறினால் வீட்டில் நெல் இல்லை; விதைநெல்லும் இல்லை; அடுத்த ஆண்டுக்குக் கடன்.

4. குளங்கள் ஏன் அழிந்தன?

இந்த வினாவுக்கு “போர்களாலும் புறக்கணிப்பாலும்” என்று மட்டும் விடை எழுதுவோர் பலர். அது பாதி விடையே. மற்றப் பாதி 1832 இல் உள்ளது.

பழைய முறைப்படி குளக்கட்டைத் திருத்துதல், வாய்க்காலைத் துப்புரவாக்குதல், வேலியடைத்தல் ஆகியன ஊரார் அனைவரினதும் கட்டாயக் கடமைகள். கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரையின்படி 1832 இல் இராஜகாரிய முறை ஒழிக்கப்பட்டது. மக்களைக் கூலியின்றி வேலை வாங்கும் முறை ஒழிந்தது நல்லதே. ஆனால் குளத்துக்கும் வாய்க்காலுக்கும் ஊரார் கூடிச் செய்த வேலையும் அதனோடு சேர்ந்து வலுவிழந்தது. அதற்குப் பதிலாக வேறொரு முறையை அரசாங்கம் ஏற்படுத்தவில்லை.

விளைவை நீங்களே எண்ணிப் பாருங்கள். ஒரு வாய்க்காலில் ஐம்பது பேருக்கு வயல் இருக்கிறது. நாற்பத்தைந்து பேர் தம் பங்கைத் துப்புரவாக்குகின்றனர். ஐந்து பேர் செய்யவில்லை. அந்த ஐந்து இடத்திலும் நீர் தடைப்படும். கீழேயுள்ளவர்களுக்கு நீர் போகாது. முறையிட வேண்டுமானால் தூரத்திலுள்ள நீதிமன்றத்துக்குச் செல்லவேண்டும். சட்டத்தரணிக்கும் முத்திரைக்கும் பணம் வேண்டும். தீர்ப்பு வருமுன் பயிர் கருகிவிடும். அடுத்த ஆண்டில் அந்த நாற்பத்தைந்து பேரும் ஏன் வேலை செய்யவேண்டும் என்று நினைப்பார்கள். கட்டு உடைவதற்கு முன்பே ஒற்றுமை உடைந்துவிடுகிறது.

5. 1856 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம்

பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த ஜோன் பெய்லி, ஊவாப் பகுதியின் நீர்ப்பாசனம் பற்றி ஆராய்ந்து அறிக்கை எழுதியிருந்தார். பழைய வழமைகள் கைவிடப்பட்டமையே வீழ்ச்சிக்குப் பிரதான காரணம் என்பது அவரது முடிவு. வோட் இக்கருத்தை ஏற்றுக்கொண்டார். அதன் பயனாக வந்ததே 1856 ஆம் ஆண்டின் நெற்காணி நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம்.

இச்சட்டத்தின் முக்கிய அம்சங்களைப் பின்வருமாறு தொகுத்துக்கொள்ளுங்கள்.

(அ) ஒரு பகுதியின் நெற்காணிச் சொந்தக்காரர்களைக் கூட்டி, அப்பகுதியின் பழைய வழமைகளை மீண்டும் நடைமுறைப்படுத்த விருப்பமா எனக் கேட்கப்படும்.

(ஆ) பெரும்பான்மையோர் உடன்பட்டால் அவ்வழமைகள் எழுத்தில் பதியப்பட்டுச் சட்ட வலுப்பெறும்.

(இ) வாய்க்கால் துப்புரவு, வேலியடைப்பு, நீர்ப்பங்கீடு போன்றவற்றில் எழும் பிணக்குகள் நீண்ட வழக்குகளாக இழுபடாமல் ஊர் மட்டத்திலேயே விரைவாகத் தீர்க்கப்படும்.

(ஈ) இச்சட்டம் முதலில் குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்கான பரீட்சார்த்த ஏற்பாடாகவே கொண்டுவரப்பட்டது. பயன் தெரிந்தபின் 1861 இலும் 1867 இலும் சட்டத்தால் தொடரப்பட்டது.

இதில் சிறப்பு யாது? புதிய விதிகளை அரசாங்கம் மேலிருந்து எழுதவில்லை. ஊருக்கு ஊர் வழமை வேறுபடும் என்பதை ஏற்று, அந்தந்த ஊரின் வழமைக்கே பலங் கொடுத்தது. மட்டக்களப்பு மக்களுக்கு இது அந்நியமானதன்று. இங்கு ஒரு தொடராகக் கிடக்கும் வயல்களை வட்டை என்பர். வட்டையின் நீர்ப்பங்கீட்டையும் வேலியையும் கவனிப்பவர் வட்டவிதானை. இந்தப் பெயரும் பொறுப்பும் இன்றும் இப்பகுதியில் வழங்குகின்றன.

6. இறக்காமமும் அம்பாறையும்

சட்டம் மட்டும் நீரைத் தராது. வோட் கிழக்கு மாகாணத்துக்கு நேரில் வந்து பார்த்தார். பட்டிப்பளை ஆற்றுப் பள்ளத்தாக்கில் பெருங்குளங்கள் பாழடைந்து கிடக்க, அவற்றுக்குக் கீழே நல்ல மண் பயனற்றிருந்தது. 1850களின் பிற்பகுதியில் இறக்காமக் குளத்தையும் அம்பாறைக் குளத்தையும் அரசாங்கச் செலவில் திருத்தும் வேலை தொடங்கப்பட்டது. தென்மாகாணத்தில் உறுபொக்கை, கிரமை அணைக்கட்டுகளும் இதே கொள்கையின்படி மேற்கொள்ளப்பட்டன.

சிறு குளத்தை ஊரார் தாமே திருத்தலாம். ஆனால் பெருங்குளத்தின் கட்டும் மதகும் கலிங்கும் ஓர் ஊரின் சக்திக்கு அப்பாற்பட்டவை. அவற்றுக்கு அளவீடும் பொறியியல் அறிவும் பெருந்தொகைப் பணமும் வேண்டும். எனவே வேலை இரண்டாகப் பிரிந்தது: பெருங்கட்டு அரசாங்கத்தின் பொறுப்பு, வாய்க்காலும் வயலும் ஊராரின் பொறுப்பு. இன்றைய நீர்ப்பாசன நிர்வாகத்திலும் இப்பிரிவினையை நீங்கள் காணலாம்.

இச்செலவு வீணாகாது என்பது வோட்டின் கணக்கு. நீர் வந்தால் தரிசாகக் கிடந்த முடிக்குரிய காணி விலைபோகும். விளைச்சல் கூடினால் நெல்வரியும் கூடும். ஆகவே இது இரக்கத்தாற் செய்த உதவி மட்டுமன்று. திறைசேரிக்கும் இலாபமான முதலீடு. இவ்விரு நோக்கங்களையும் விடையில் குறிப்பிடுங்கள்.

7. பாதை, தபால், தந்தி

விளைந்த நெல்லை விற்க வழி வேண்டும். வோட்டின் காலத்தில் தெருக்களுக்கும் பாலங்களுக்கும் பெருந்தொகை செலவிடப்பட்டது. 1857 ஏப்ரல் 1 இல் இலங்கையின் முதலாவது தபால் முத்திரை வெளியிடப்பட்டது. 1858 இல் தந்திச் சேவை தொடங்கியது. 1858 ஓகஸ்ட் 3 இல் கொழும்பு–கண்டி புகையிரதப் பாதைக்கான முதல் மண் வெட்டப்பட்டது. ஆனால் அப்பாதை கண்டியை அடைந்தது 1867 இலேயே.

இவற்றின் முதற்பயன் மலைநாட்டுக்கும் கோப்பித் தோட்டங்களுக்குமே கிடைத்தது. மட்டக்களப்பு மக்கள் நெடுங்காலம் தோணியையும் துறையையும் மாட்டுவண்டியையுமே நம்பியிருந்தனர். மட்டக்களப்பு நகரையும் எழுவான்கரையையும் இணைக்கும் கல்லடிப் பாலம் 1924 இலேயே வந்தது. புகையிரதமும் 20 ஆம் நூற்றாண்டிலேயே மட்டக்களப்பை அடைந்தது. குளம் திருந்திய வேகத்தில் பாதை வராவிட்டால், நெல் மலிந்தும் விலை மலியும் என்பதை இங்கு நினைவிற் கொள்ளுங்கள்.

8. குறைபாடுகள்

ஒரு மதிப்பீட்டு வினாவுக்குப் புகழை மட்டும் எழுதினால் முழுப்புள்ளி கிடைக்காது. வோட்டின் பணியிலிருந்த குறைகள் இவை.

(அ) கூட்டத்தில் பேசும் உரிமை காணிச் சொந்தக்காரருக்கே இருந்தது. மட்டக்களப்பில் பெருந்தொகை வயல் போடிமார் கையில் இருந்தது. வயலில் இறங்கி உழைத்தவர்களுள் பலர் காணியற்ற குத்தகைக்காரரும் கூலிக்காரரும். நீர் வந்தபோது வயல் செழித்தது. ஆனால் செழிப்பு எல்லா வீடுகளுக்கும் ஒரே அளவில் போகவில்லை.

(ஆ) விளைச்சலில் பொதுவாகப் பத்திலொரு பங்காக அறவிடப்பட்ட நெல்வரி தொடர்ந்தது. கோப்பித் தோட்டக்காரருக்கு இத்தகைய நிலவரி இருக்கவில்லை. நெல்வரி ஒழிந்தது 1892 இல் எடுக்கப்பட்ட முடிவின் பின்னரே.

(இ) திருத்தப்பட்ட பெருங்குளங்கள் மிகச் சில. தெருக்களுக்கும் புகையிரதத்துக்கும் கிடைத்த முக்கியத்துவத்தோடு ஒப்பிட்டால் நீர்ப்பாசனத்தின் பங்கு சிறியதே.

(ஈ) குளமும் சட்டமும் வந்தன. ஆனால் பாடசாலை, வைத்தியம், கடன் வசதி என்பன அவற்றோடு இணைந்து கிராமத்துக்கு வரவில்லை.

9. இறுதிக்காலம்

1857 இல் இந்தியாவில் பெருங்கிளர்ச்சி எழுந்தபோது, இலங்கையிலிருந்த ஐரோப்பியப் படையினரை வோட் உடனே அங்கு அனுப்பிவைத்தார். 1860 யூன் இறுதியில் இலங்கையை விட்டுச் சென்று, யூலையில் சென்னை மாகாண ஆளுநரானார். ஒரு மாதங்கூட நிறையவில்லை. 1860 ஓகஸ்ட் 2 இல் வாந்திபேதி நோயால் சென்னையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 63. கொழும்பிலுள்ள வோட் பிளேஸ் என்னும் தெரு அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

10. அவருக்குப் பின்

வோட் தொடக்கியதைப் பின்வந்தோர் விரித்தும் திருத்தியும் சென்றனர். சேர் ஹேர்கியூலிஸ் றொபின்சன் காலத்தில் 1871 ஆம் ஆண்டின் கிராமச் சமூகக் கட்டளைச் சட்டம் கம்சபா முறைக்குப் புத்துயிரளித்தது. 1949 இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டு, பட்டிப்பளை ஆற்றுக்குக் குறுக்கே பேரணை கட்டப்பட்டது. இறக்காமம், அம்பாறைக் குளங்களும் இப்பெருந்திட்டத்துள் அடங்கின. ஆனால் புதிதாக நீர் பாய்ந்த காணி யாருக்கு என்ற வினா இனப்பிரச்சினையாகியது. 1956 இல் அப்பகுதியில் வன்செயல்கள் நடந்தன. நீரைப் பங்கிடுவதை விடக் காணியைப் பங்கிடுவது கடினமானது என்பதை இது காட்டுகிறது.

வோட்டின் சட்டம் கேளாமல் விட்ட குத்தகை விவசாயியின் குரலுக்கு, 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் இடமளித்தது. குத்தகைக்காரருக்குப் பாதுகாப்பு வழங்கவும், விவசாயிகளைக் கொண்ட பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைக்கவும் அது ஏற்பாடு செய்தது. 1979 முதல் மாவட்டந்தோறும் ஒருங்கிணைந்த கிராமிய அபிவிருத்தித் திட்டங்கள் தொடங்கின, முதலாவது குருநாகலில். குளம், தெரு, கடன், கால்நடை, சுகாதாரம், பாடசாலை ஆகியவற்றைத் தனித்தனியாகப் பாராமல் ஒரே திட்டத்துள் கொண்டுவருவதே அவற்றின் நோக்கம்.

1980களின் தொடக்கத்தில் கல்லோயா இடதுகரையில் கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்ணல் பல்கலைக்கழகமும் இணைந்து, வாய்க்கால் மட்டத்தில் விவசாய அமைப்புக்களை உருவாக்கின. விவசாயிகள் கூடிப் பேசி, தாமே வாய்க்காலைத் துப்புரவாக்கி, முறைவைத்து நீரைப் பங்கிட்டபோது, முன்பு நீர் எட்டாத கடைக்கோடி வயல்களுக்கும் அது சென்றது. புதிய கட்டு எதுவும் தேவைப்படவில்லை. 1856 ஆம் ஆண்டுச் சட்டம் கூறவந்ததும் இதுவே.

இன்றும் மட்டக்களப்பில் ஒவ்வொரு போகத்துக்கும் முன்பு ஆரம்பக் கூட்டம் நடைபெறுகிறது. விதைப்புத் திகதி, நீர் திறக்கும் திகதி, கால்நடைகளை அப்புறப்படுத்தும் திகதி என்பன அங்கு முடிவாகின்றன. உங்கள் வீட்டில் வயல் செய்வோர் இருந்தால் அக்கூட்டத்தைப் பற்றிக் கேட்டறியுங்கள். பாடநூலில் படிப்பது உங்கள் ஊரிலேயே நடப்பதைக் காண்பீர்கள்.

நினைவிற் கொள்க

1797 – பிறப்பு
1832 – இராஜகாரியம் ஒழிப்பு
1855 – இலங்கைத் தேசாதிபதியாகப் பதவியேற்பு
1856 – நெற்காணி நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் (9 ஆம் இலக்கம்)
1857 – முதலாவது தபால் முத்திரை
1858 – தந்திச் சேவை. புகையிரதப் பாதை வேலை ஆரம்பம்
1860 – சென்னை ஆளுநர், மரணம்

பயிற்சி வினாக்கள்

1. வோட் தேசாதிபதியின் காலத்தில் மட்டக்களப்புப் பிரதேசத்தில் திருத்தப்பட்ட குளங்கள் இரண்டின் பெயர்களைத் தருக.

2. இராஜகாரிய முறை ஒழிக்கப்பட்டமை நீர்ப்பாசனத்தை எவ்வாறு பாதித்தது? இரண்டு விடயங்களை விளக்குக.

3. 1856 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் முக்கிய அம்சங்கள் மூன்றினைக் குறிப்பிடுக.

4. “குளத்தைத் திருத்தினால் மட்டும் கிராமம் முன்னேறாது.” வோட் தேசாதிபதியின் பணிகளையும் குறைபாடுகளையும் ஆதாரமாகக் கொண்டு இக்கூற்றை ஆராய்க.

விடையெழுதும் முறை: நான்காம் வினாவுக்கு விடையை மூன்று பகுதிகளாக அமைத்துக்கொள்ளுங்கள். முதலில் குளமும் சட்டமும் ஒன்றையொன்று எவ்வாறு தாங்கின என்பதைக் கூறுங்கள். அடுத்து பாதை, வரி, காணியுரிமை என்பன பின்தங்கியதால் பயன் எவ்வாறு குறைந்தது என்பதைக் காட்டுங்கள். முடிவில் 1958, 1979 ஆம் ஆண்டுகளின் ஏற்பாடுகளோடு ஒப்பிட்டு உங்கள் சொந்த முடிவை எழுதுங்கள். வோட்டை நல்லவர் என்றோ தீயவர் என்றோ தீர்ப்புக் கூற வேண்டியதில்லை. எந்த வேலை யாருக்குப் பயன்பட்டது என்பதைத் தெளிவாகக் காட்டினாலே விடை சிறப்பாக அமையும்.